மதர்போர்டு போச்சு என்றால் உடனே தலையாட்டாதீர்கள்: டர்பன் பக்கம் லேப்டாப் ரிப்பேருக்குக் கொடுப்பவர்களுக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப் விஷயத்தில் நடந்தது இது. கடையின் பெயரை எழுதவில்லை. புகார் எழுத்தில் போயிருக்கிறது. ஆனால் இதே ஏமாற்று வேறு யாருக்கும் நடக்கக்கூடாது என்பதால் முழு விவரத்தையும் எழுதுகிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் லேட்டிட்யூட். ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் சார்ஜரைச் செருகி பவர் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. லோட் ஷெட்டிங் முடிந்து கரண்ட் திரும்பியபோது மதர்போர்டு எரிந்துவிட்டது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பில்லில் புது மதர்போர்டு 4,200 ராண்ட், லேபர் 850, பரிசோதனைக் கட்டணம் 450, ஆக மொத்தம் 5,500 ராண்ட். பழைய போர்டைக் கேட்டதற்குக் குப்பையில் போட்டாயிற்று என்று பதில்.

போர்டு மாறவே இல்லை. அதற்கு லேப்டாப்பே சாட்சி. முதல் சாட்சி, விண்டோஸின் பின் நம்பர். அந்த நம்பர் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைந்தது; இந்த வகை லேப்டாப்பில் போர்டு மாறினால் அந்தச் சிப்பும் மாறிவிடும், பழைய பின் வேலை செய்யாது. போதாததற்கு இதில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வேறு போட்டிருந்தது. போர்டு மாறியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டே தீரும். செத்துக் கிடந்த லேப்டாப்பில் பிட்லாக்கரை முன்கூட்டியே நிறுத்தி வைக்கவும் வழியில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பழைய பின்னை அடித்தவுடன் திறந்தது. கீ எதையும் கேட்கவில்லை.

இரண்டாவது, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸில் இருக்கும் பவர் ஈவென்ட்ஸ் பட்டியல். பில் தேதிக்குப் பல மாதம் முந்தைய பதிவுகள் அப்படியே இருந்தன. சார்ஜரின் வகையைக் கண்டறிய முடியவில்லை என்ற எச்சரிக்கை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. உண்மையான பழுது அதிலேயே தெரிந்துவிடுகிறது. டெல்லின் உருண்டைச் சார்ஜர் முனைக்குள் மெல்லிய நடு ஊசி ஒன்று உண்டு. சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அந்தத் தொடர்பு கெட்டால் பேட்டரி சார்ஜ் ஏறாது. இங்கே சார்ஜிங் சாக்கெட் மெல்ல மெல்லத் தளர்ந்து கடைசியில் முழுக்க விட்டுப்போயிருக்கிறது. கரண்ட் இல்லாத ராத்திரியில் மிச்சமிருந்த பேட்டரியும் தீர்ந்தது. காலையில் சார்ஜரைச் செருகியும் உள்ளே மின்சாரம் போக வழியில்லை. அடிமூடியைத் திறந்தால் தூசி படிந்த பழைய போர்டு, அதன் ஓரத்தில் பளபளவென்று புது சாக்கெட் வயர். சாக்கெட்டும் குட்டி வயரும் சேர்ந்த தனிப் பாகம் அது. இந்த மாடலில் சால்டரிங்கூட வேண்டாம், கழற்றிச் செருகினால் போதும். விலை சில நூறு ராண்ட்.

இதோடு நிற்கவில்லை. 8 ஜிபி ராம் (நினைவகப் பலகை) இரண்டு இருந்த இடத்தில் ஒன்றுதான் திரும்பி வந்தது.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை நிறைய. முதலில் சார்ஜர். சுவர் பிளக்கை மாற்றிப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் சார்ஜர் முனையின் உள் சுவருக்கும் வெளிச் சுவருக்கும் இடையே அளக்கவும். 19 முதல் 20 வோல்ட் வரவேண்டும். நடு ஊசியில் மீட்டர் முனை படக்கூடாது. டைப்-சி சார்ஜரை இப்படி அளந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. லேப்டாப்போடு பேசிய பிறகுதான் அது 20 வோல்ட் கொடுக்கும். அதற்கு நண்பரிடம் 65 வாட் சார்ஜர் வாங்கிச் செருகிப் பார்ப்பதே வழி. போன் சார்ஜரைப் போட்டுவிட்டு லேப்டாப் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பேட்டரி அடியோடு தீர்ந்திருந்தால் அரை மணி நேரம் சார்ஜரில் விட்டுவிட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்கள்.

சார்ஜரில் விளக்கு இருந்தால் அதையும் கவனியுங்கள். தனியாக இருக்கும்போது எரிந்து, லேப்டாப்பில் செருகியவுடன் அணைந்தால் சாக்கெட்டிலோ போர்டிலோ ஷார்ட் இருக்கிறது. வீட்டில் செய்ய வேறொன்றும் இல்லை, கடைக்குத்தான் போகவேண்டும்.

அடுத்தது, தேங்கிய மின்சாரத்தை வடிப்பது. சார்ஜர், யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றி, பேட்டரி கழறும் மாடலானால் அதையும் எடுத்து, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். கரண்ட் போய் வந்தபின் மக்கர் பண்ணும் லேப்டாப்புகளில் சில இதிலேயே எழுந்துவிடும். உள்ளே பேட்டரி இருந்தால் அடிமூடியைத் திறந்து கனெக்டரின் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து இழுக்கவும், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது சார்ஜர் போடவும் வேண்டாம், நீங்களே கழற்றவும் வேண்டாம்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பு என்றால் திரை மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ வயரில் டிவியை இணைத்து அதில் படம் வந்தால் பழுது திரையிலோ அதன் கேபிளிலோதான். இரண்டும் இல்லையென்றால் அடுத்து ராமைச் சந்தேகியுங்கள். டெல்லில் விளக்கு ஆரஞ்சில் 2, வெள்ளையில் 3 தடவை சிமிட்டினால் ராம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். 2, 4 என்றால் ராம் பழுது. ராமைக் கழற்றி, பொன்னிறப் பற்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டர்பனின் ஈரமும் உப்பும் கலந்த கடற்காற்றில் இந்தப் பற்கள் களிம்பேறுவது சாதாரணம். ராமைத் திரும்பப் போட்டபின் முதல் தடவை திரை ஒரு நிமிடத்துக்கு மேலும் கறுப்பாகவே இருக்கலாம். அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

கம்பெனி லோகோ வந்து, விண்டோஸ் மட்டும் வரவில்லையா? போர்டு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. டெல்லில் ஆன் செய்ததும் எஃப்12 தட்டி, வரும் பட்டியலில் டயக்னாஸ்டிக்ஸைத் தேர்ந்தெடுத்தால், எச்பியில் எஃப்2 தட்டினால், உள்ளேயே இருக்கும் சோதனை ஓடும். கோப்புகள் இருக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டி கெட்டிருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். இந்த நிலையில் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உண்மையாகவே போர்டு அடிபடுவதும் உண்டு. 19 வோல்ட் வரும் வழியில் மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு மாஸ்ஃபெட்டோ கடுகளவு கெப்பாசிட்டரோ ஷார்ட் ஆகியிருக்கும். அந்தப் பாகத்தின் விலை சொற்பம். கொடுப்பது கண்டுபிடிக்கும் திறமைக்கான கூலி, அது நியாயமான கூலிதான். எந்த லைனில் ஷார்ட், எத்தனை ஓம்ஸ் காட்டியது என்று கேளுங்கள். அளந்தவர் உடனே சொல்வார். ஹீட் கன்னால் சிப்பைச் சூடாக்கி எழுப்பித் தருவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கொஞ்ச நாள் ஓடிவிட்டு மறுபடி படுத்துவிடும்.

இனி சட்டம். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ரிப்பேர் விஷயத்தில் நம் பக்கம் நிற்கிறது. பிரிவு 15-ன்படி எஸ்டிமேட் கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் வேலை செய்து பணம் கேட்க முடியாது. எஸ்டிமேட்டைத் தாண்டினால் மறுபடி சம்மதம் வாங்கவேண்டும். பரிசோதனைக் கட்டணத்தையும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பிரிவு 67-ன்படி கழற்றிய பாகங்களை மற்றவர்களுடையதோடு கலக்காமல் வைத்து, நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை உங்களிடமே திருப்பித் தரவேண்டும். போட்ட பாகத்துக்கும் அதைப் போட்ட கூலிக்கும் பிரிவு 57 மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. ஆனால் கடையில் நீட்டும் ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால், எஸ்டிமேட் வேண்டாம், பழைய பாகம் வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடலாம். அந்த வரிகளை அடித்துவிட்டு, “பழைய பாகங்கள் திரும்ப வேண்டும்” என்று கையால் எழுதி, போன் கேமராவில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிமூடி திறக்கும் மாடலானால் ராம், எஸ்எஸ்டி ஸ்டிக்கர்களில் உள்ள சீரியல் நம்பர்களையும் கொடுக்கும் முன் படம் எடுத்துவிடுங்கள். திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் ராம் அளவையும் டிஸ்க் அளவையும் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

ஏமாந்தது தெரிந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார். பலிக்காவிட்டால் நுகர்வோர் பொருள், சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன்னிடம் போகலாம். நமக்குக் கட்டணம் இல்லை. தொகை 20,000 ராண்டுக்குள் இருந்தால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது, அங்கே வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. அதற்கு முன் 14 நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுக்கவேண்டும். அதில் பில் நம்பர், தேதி, திருப்பித் தரவேண்டிய தொகை, திரும்ப வராத பாகங்கள் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி, நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.