எண்ணா, புள்ளியா, வாட்டா: மருத்துவ ஆசிரியரின் பதவி உயர்வை எதை வைத்து அளப்பது?

மதுரையில் உதவிப் பேராசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் கொழும்புக்கு வந்திருந்தார். வெள்ளவத்தையில் இடியப்பமும் சொதியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு பதவி உயர்வுக்குப் போனது. “உங்க ஊர்ல எத்தனை பேப்பர் வேணும்?” என்று கேட்டார். என்னால் ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை. இரண்டு நாட்டு முறைகளுக்கும் உள்ள முதல் வித்தியாசமே அதுதான்.

இந்தியாவில் எண் உண்டு. இணைப் பேராசிரியராக இரண்டு ஆய்வுக்கட்டுரைகள் வேண்டும். 2015இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விட்ட சுற்றறிக்கை கட்டுரையில் முதல் இரண்டு பெயர்களை மட்டுமே கணக்கில் எடுத்தது; இணையத்தில் மட்டும் வரும் சஞ்சிகைகளை ஒதுக்கியது. ஆனால் கட்டுரை வர வேண்டிய சஞ்சிகைகளுக்கென்று அது ஏற்றுக்கொண்ட சஞ்சிகைப் பட்டியல்களில் இன்டெக்ஸ் கோப்பர்நிக்கஸும் இருந்தது. அதில் தரமற்ற சஞ்சிகைகள் பல இருப்பதாக இந்திய மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களே எதிர்த்து எழுதினார்கள். 2020 திருத்தத்தில் அந்தப் பட்டியல் போய்விட்டது. முதல் மூன்று பெயர்கள் செல்லும் என்றானது, ஆய்வு முறையியல் பயிற்சியும் கட்டாயமானது. அந்தப் பயிற்சி நல்ல விஷயம். நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணில் ஒரு நியாயம் இருக்கிறது. துறைத் தலைவருக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்று பார்க்க அதில் இடமில்லை. ஆனால் காலையில் வாட்டு (நோயாளர் விடுதி), மத்தியானம் கிளினிக், இரவில் ஒன்கோல் (கூப்பிட்டால் போக வேண்டிய பணி) என்று ஓடுகிறவரிடம் எண்ணை மட்டும் கேட்டால், சிலர் அதை எப்படியாவது கொண்டுவந்து தருவார்கள். சீனாவில் மருத்துவர்களின் பதவி உயர்வைக் கட்டுரைகளோடு கட்டிவைத்தார்கள். 2017இல் ‘டியூமர் பயாலஜி’ என்ற ஒரே சஞ்சிகை 107 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. கட்டுரையை வெளியிடுமுன் படித்துத் தரம் பார்க்கும் மீளாய்வாளர்களின் பெயரில் போலி மின்னஞ்சல்கள் போயிருந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் சீனாவைச் சேர்ந்தவர்கள்.

இலங்கையில் நடப்பது புள்ளிக் கணக்கு. பேராசிரியர் பதவிக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2009ஆம் ஆண்டு 916ஆம் இலக்கச் சுற்றறிக்கை கற்பித்தல், ஆய்வு, அறிவைப் பரப்புதல் என்று பிரித்துப் புள்ளி போடச் சொல்கிறது. எண்ணை விட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் கற்பித்தலுக்கு அதில் ஓர் இடம் இருக்கிறது. என்றாலும் விண்ணப்பம் நிரப்பும்போது எங்கள் கண் முதலில் போவது ஆய்வுப் பக்கத்துக்குத்தான். கட்டுரையை எண்ணிவிடலாம், கற்பித்தலை எப்படி எண்ணுவது?

கொழும்பில் ஒரே ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழக அலகுக்குப் பக்கத்திலேயே சுகாதார அமைச்சின் அலகு. அங்கேயும் கன்சல்டன்ட் நம் மாணவர்களுக்குத்தான் படிப்பிக்கிறார். கட்டுரை எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அப்படி ஒருவரை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாணவி கையை வைத்ததும் நோயாளி நெளிந்தார். “முதல்ல கையைத் தேய்ச்சுச் சூடாக்குங்கோ பிள்ளை. அம்மா, மூச்சை ஆழமா இழுங்கோ. இப்ப விரல் நுனிக்கு என்ன வருது?” மண்ணீரலின் ஓரம் அவளுடைய விரலில் வந்து தட்டியதை முகத்தில் கண்டேன். இந்தக் கால் மணி நேரத்துக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் சரியான விலை இல்லை.

அதற்காக ஆய்வே வேண்டாம் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் நாட்டில் பூச்சிமருந்து குடித்துச் செத்தவர்கள் எத்தனை பேர்! எந்த மருந்து எத்தனை பேரைக் கொல்கிறது என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து கணக்கு எடுத்திருக்காவிட்டால் எதைத் தடை செய்வது என்றே தெரிந்திருக்காது. 1995இல் மொனோகுரோட்டோபொஸும் மெத்தமிடோபொஸும், 1998இல் என்டோசல்பனும் தடை செய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுக்குள் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வாட்டில் நிற்கிறவருக்கு ஆய்வின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மூன்றாவது வழி அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இருப்பது: படிப்பிப்பவருக்குத் தனிப் பாதை. சக ஆசிரியர் வகுப்பில் இருந்து பார்த்து எழுதிய குறிப்பு, மாணவர் மதிப்பீடு, உருவாக்கிய பாடத்திட்டம் எல்லாம் ஒரு கோப்பாகப் போகும். நமக்கு இதில் ஒரு பயம் உண்டு. எல்லாரும் எல்லாரையும் தெரிந்த சின்ன நாடு இது, நட்பும் பகையும் மதிப்பீட்டுக்குள் வந்துவிடும். வெளிநாட்டு மதிப்பீட்டாளர் ஒருவரையாவது கட்டாயம் சேர்த்தால் பெருமளவு சமாளிக்கலாம்.

என்னைக் கேட்டால், சிரேஷ்ட விரிவுரையாளர் ஆகும் வரை எல்லாருக்கும் ஆய்வுப் பயிற்சியும், உண்மையாகச் செய்து முடித்த ஓர் ஆய்வும் கட்டாயம். பெயர் எத்தனையாவது இடத்தில் என்று பார்க்கத் தேவையில்லை. அப்புறம் இரண்டு கதவுகள்: ஆய்வால் பேராசிரியர், கற்பித்தலால் பேராசிரியர். பதவியும் சம்பளமும் இரண்டுக்கும் ஒன்றே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் இன்சுலின் ஊசி போடும் முறையைப் படங்களோடு தமிழில் எழுதினார். கிளினிக்குக்கு வந்த அம்மாமார்களிடம் வாசித்துக் காட்டி, விளங்காத சொல்லையெல்லாம் மாற்றினார். நான்கு மாத வேலை. பதவி உயர்வு விண்ணப்பத்தில் அதை எங்கே போடுவது என்று கேட்டார். அறிவைப் பரப்புதல் என்ற பகுதியில் ஒரு வரியாக எழுதினோம்.