சேமித்த பக்கம் திறக்கவில்லையா: ஃபிளாகா, லோக்கல் சர்வரா?

வேளச்சேரியில் மழை பிடித்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை படிக்கலாமே என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பாடத்தொகுப்பை இறக்கி வைத்திருந்தேன். குரோமில் திறந்தால் தலைப்பும் படங்களும் வருகின்றன, பாடப் பட்டியல் மட்டும் காலி. கன்சோலில் (பிரவுசர் பிழைகளைக் காட்டும் பலகையில்) சிவப்பாக கார்ஸ் பிழை, அதாவது ஒரு தளம் வேறொரு தளத்தின் தரவைப் படிக்க முயன்றதற்கான தடை.

வட்டிலிருந்து நேரடியாகத் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் குரோம் தனித்தனித் தளமாகவே நினைக்கிறது. பக்கத்திலேயே கிடக்கும் ஜேசன் கோப்பை (பாடப் பட்டியல் போன்ற தரவு இருக்கும் கோப்பு) ஸ்கிரிப்ட் ஃபெட்ச் செய்து எடுக்க விடாது. தனிக் கோப்புகளாகப் பிரித்து எழுதும் மாட்யூல் ஸ்கிரிப்டுக்கும் இதே கதிதான்.

இதற்கு எளிய வழி, லோக்கல் கோப்புகளைப் படிக்க அனுமதிக்கும் ஃபிளாகோடு (தொடங்கும் கமாண்டில் சேர்க்கும் ஆப்ஷன்) குரோமைத் தொடங்குவது. ஏற்கெனவே ஒரு குரோம் ஓடிக்கொண்டிருந்தால் ஃபிளாக் ஏறாது, எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை, அந்த அனுமதி என் பாடத்துக்கு மட்டுமானதல்ல என்பது. அதே குரோமில் மெயிலில் வந்த ஒரு ஹெச்டிஎம்எல் இணைப்பைத் திறந்தால், அதுவும் வட்டிலுள்ள மற்ற கோப்புகளைப் படித்து வெளியே அனுப்பலாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஒரே ஃபோல்டரில் இருப்பவை ஒன்றையொன்று படிக்க ஃபயர்பாக்ஸ் முன்பு விட்டுவைத்திருந்தது. ஆண்ட்ராய்டில் ஒரு மெசேஜிங் ஆப் கோப்புகளுக்கு வைக்கும் பெயர்களை ஊகித்து, மற்றவர்கள் அனுப்பிய இணைப்புகளையும் படிக்க முடியும் என்று செய்தே காட்டினார்கள். 2019-ல், 68-ஆம் பதிப்பில், ஃபயர்பாக்ஸும் அந்தக் கதவை மூடியது. பூட்டியதை நாமே திறந்து வைப்பானேன்?

அதனால் என் ஓட்டு லோக்கல் சர்வருக்கு, அதாவது நம் லேப்டாப்பிலேயே ஓடி பிரவுசருக்குக் கோப்புகளைத் தரும் புரோகிராமுக்கு. பைத்தானோடு ஹெச்டிடிபி சர்வர் கூடவே வருகிறது. பாட ஃபோல்டரில் நின்று ஒரு வரி கமாண்ட் கொடுத்தால் லோக்கல்ஹோஸ்ட் (நம் லேப்டாப்பையே குறிக்கும் முகவரி) 8000-ஆம் போர்ட்டில் எல்லாம் ஒரே தளமாகிவிடும். பக்கத்துக்கு எட்டுவது அந்த ஃபோல்டர் மட்டும். எந்த பிரவுசரிலும் செட்டிங்கைத் தொட வேண்டாம், பக்கத்துக்குப் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்டான சர்வீஸ் வொர்க்கர்கூட ஓடும். ஒரு எச்சரிக்கை: சும்மா ஓடவிட்டால் அதே வைஃபையில் இருப்பவர்களும் பார்க்கலாம். கமாண்டின் பைண்ட் ஆப்ஷனில் 127.0.0.1 கொடுத்துவிடுங்கள், நம் லேப்டாப்பிலிருந்து மட்டுமே திறக்கும்.

வெறும் கட்டுரை என்றால் ஒற்றைக் கோப்பாகச் சேமிப்பதே போதும். நான் அதை அதிகம் பயன்படுத்தியதில்லை. குரோம் அப்படிச் சேமிக்கும் எம்ஹெச்டிஎம்எல் கோப்பில் ஸ்கிரிப்ட் ஓடாது, ஆகவே இந்தப் பாடத்துக்கு உதவவில்லை.

அப்புறம், போர்ட் எண்ணை அடிக்கடி மாற்றாதீர்கள். எதுவரை படித்தோம் என்பதைப் பிரவுசருக்குள் பக்கம் சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் போர்ட்டுக்குப் போர்ட் வேறு. 8000-ல் பாதி முடித்த பாடம் 8080-ல் முதலிலிருந்து தொடங்கும்.