எம்மென்டாலா, க்ரூயேரா, பொஃபோரா? இ-பைக்கில் சீஸ் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆல்ப்ஸ் மேய்ச்சல் நிலங்களில் இ-பைக் ஓட்டிக்கொண்டே போய், அங்கேயே சீஸ் செய்வதையும் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் தூரத்தையும் ஏற்றத்தையும்தான் முதலில் கணக்குப் பார்ப்பார்கள். எம்மென்டால், க்ரூயேர், பொஃபோர் என்று சீஸுக்குப் பேர்போன மூன்று பகுதிகளில் எதற்குப் போவது என்று கேட்டால், நான் முதலில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வேன். மலைமேல் விடிவதற்குள் பால் கறக்கத் தொடங்கிவிடுவார்கள். கீழே வாடகைக் கடை திறக்க எட்டரை, ஒன்பது ஆகிவிடும். நீங்கள் வியர்க்காமல் மேலே போய்ச் சேரும்போது கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

சொந்த சைக்கிளைக் கொண்டுபோனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியை ஏற்ற முடியாது. இ-பைக் பேட்டரி பெரும்பாலும் 400-லிருந்து 750 வரை. ஆகவே வாடகைதான், கடை திறக்கும் நேரம்தான்.

எம்மென்டாலை எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், பெர்ன் நகருக்குக் கிழக்கே இருக்கிறது. புர்க்டோர்ஃபில் ரயிலிறங்கி சைக்கிள் எடுத்தால் குன்றுகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. 99 என்று எண்ணிட்ட ஹெர்ட்ஸ்ரூட்டே சைக்கிள் பாதை இந்தப் பக்கமாகப் போகிறது. இ-பைக்கை மனதில் வைத்தே வளர்ந்த பாதை அது. வழியில் பேட்டரி மாற்றித் தரும் இடங்களும் உண்டு. அஃபோல்டெர்ன் ஊரில் பார்வையாளர்களுக்கென்றே நடத்தும் சீஸ் கூடத்தில் பகலிலேயே வேலை நடக்கிறது, அதனால் நேரக் கவலை இல்லை. நூறு கிலோ அளவுக்குப் போகும் வட்டமான சீஸ் கட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் லிட்டருக்கு மேல் பால். ஆனால் இது பண்ணை நாடு, உயர்மலை மேய்ச்சல் இல்லை. லூயெக் குன்றின் மேல் நின்றால் ஐகர், யுங்ஃப்ராவ் சிகரங்கள் தெரியும், தெரியும், அவ்வளவுதான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் சைக்கிளில் ஏறி வெகுநாளாகிவிட்டவர்களுக்கும் இதுவே போதும்.

க்ரூயேரும் சுவிட்சர்லாந்தில்தான். கொஞ்சம் சிக்கலானது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. க்ரூயேர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பிரங்ஜி கிராமத்தில் ஒரு பெரிய சீஸ் காட்சிக்கூடம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் நவீனக் கொப்பரைகள், காலை முழுவதும் வேலை. பார்க்கலாம், ஆனால் அதற்காக சைக்கிள் வேண்டியதில்லை. சைக்கிள் எதற்கு என்றால், மேலே மொலேசோன் கிராமத்துக்குப் போக. ஏறக்குறைய நானூறு மீட்டர் ஏற்றம். அங்கே பழைய மலைக்குடிலில் விறகடுப்பின் மேல் செம்புக் கொப்பரையைத் தொங்கவிட்டு, பார்வையாளர்களுக்காகக் காலை பத்து மணிவாக்கில் காய்ச்சுகிறார்கள். வாடகைக் கடை நேரத்தோடு ஒத்துப்போகும் மலைச் சீஸ் என்றால் இதுதான்.

பார்க்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. தயிர்க்குருணை 57 டிகிரி வாக்கில் சூடாகி அடியில் படிந்ததும், சீஸ்காரர் ஒரு துணியின் இரு முனைகளைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுபக்கத்தை வளையும் கம்பியில் சுற்றிக் கொப்பரைக்குள் குனிந்து அடியோடு வாரி எடுப்பார். புகை கண்ணைக் கரிக்கும். அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துவிட்டால் ஏறி வந்ததற்குக் கூலி கிடைத்த மாதிரி.

கண்காட்சி வேண்டாம், நிஜமாகப் பிழைப்புக்குச் செய்பவர்களைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஷார்மே ஊரிலிருந்து யவுன் கணவாய்ப் பக்கம் போக வேண்டும். ஆனால் மலை க்ரூயேரில் முந்தின மாலைப் பாலையும் காலைப் பாலையும் கலந்து காலையில் ஒரே முறைதான் செய்வார்கள். முந்தின இரவே அருகில் தங்காவிட்டால் வாய்ப்பு குறைவு. மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் இந்தச் சீஸ். மலை மேய்ச்சல் பருவம் என்ற இந்த வாழ்முறையையே 2023-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பொஃபோர் எல்லைக்கு அப்பால், பிரான்சின் சவ்வா பகுதியில். ஆல்பெர்வில் வரை ரயில், பிறகு பொஃபோர் ஊர் இருபது கிலோமீட்டர். இங்கேதான் நிஜமான உயரம். ஊரிலிருந்து கோர்மே த ரோஸ்லாந்த் கணவாய்க்கு 20 கிலோமீட்டரில் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கோல் து ப்ரே வழியாகச் சுற்றினால் ரோஸ்லாந்த் அணை ஏரியை மேலிருந்தே பார்க்கலாம், ஏற்றம் இன்னும் கூடும். ஆளும் வண்டியும் சேர்ந்து நூறு கிலோ என்று வைத்தால், ஆயிரம் மீட்டர் ஏறவே சுமார் 270 வாட்-மணி வேலை. நம் கால் பாதி உழைத்தாலும் மோட்டாரின் இழப்பையும் சேர்த்து 180-200 போய்விடும். மோட்டார் முழு உதவி தரும் டர்போவில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் 500 பேட்டரி கணவாய் வருவதற்குள் சிவப்பைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. இங்கே 625-க்குக் குறைந்த பேட்டரி கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஆனால் நேரக் கணக்கில் பொஃபோர்தான் ஜெயிக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. 'ஷாலே தல்பாஜ்' (மலைக்குடில்) என்ற பொஃபோர் வகையை 1,500 மீட்டருக்கு மேல், ஒரே மந்தையின் பாலில், மேலேயே செய்ய வேண்டும். கறந்த சூட்டோடு நாளுக்கு இரண்டு முறை. காலை வேளை தவறினாலும் மாலைக் கறவை இருக்கிறது. மேலே ஒரு தங்குமிடத்தில் இரவைக் கழிக்கத் தயாராக இருந்தால், குடிலில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு மாலையில் போகலாம். தாரின், அபோந்தான்ஸ் என்ற மாடுகள். மாடொன்றுக்கு ஆண்டுக்குச் சராசரி 5,000 கிலோவுக்கு மேல் பால் கூடாது என்று விதியே இருக்கிறது. உள்வாங்கிய விளிம்பு, நீல முத்திரை, இவைதான் பொஃபோரின் அடையாளம்.

சைவக்காரர்கள் கவனத்துக்கு: மூன்றிலும் பால் உறையக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டே சேர்க்கிறார்கள். பொஃபோர் பகுதியில் இரைப்பையையே சீஸ் வடித்த தண்ணீரில் ஊறவைப்பதும் உண்டு. கூடத்துக்குப் போய் முதல் துண்டை வாயில் போட்ட பிறகு தெரிந்தால் சங்கடம்.

சட்டமும் கொஞ்சம் வேறுபடும். பிரான்சில் சாதாரண இ-பைக் 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்தோடு உதவி நின்றுவிடும். சுவிஸில் 45 வரை உதவும் மஞ்சள் நம்பர் பிளேட் வண்டியும் வாடகைக்குக் கிடைக்கலாம். அதற்கு ஹெல்மெட்டும் உரிமமும் கட்டாயம். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். எந்த நாடானாலும் மேய்ச்சல் வேலியைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், கன்றோடு நிற்கும் பசுவிடம் செல்ஃபிக்குப் போகாதீர்கள்.

ஒரே ஒரு நாள் கையில் இருந்தால் க்ரூயேர், மொலேசோன். இரண்டு நாளும் காலில் கொஞ்சம் வலுவும் இருந்தால் யோசிக்காமல் பொஃபோர், அதுவும் ஜூன் கடைசிக்குப் பிறகு. அதற்கு முன் கணவாயில் பனி கிடக்கலாம், செப்டம்பர் கடைசிக்குள் மாடுகள் கீழே இறங்கத் தொடங்கிவிடும்.