வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, என் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு

நீண்ட இடைவெளிக்குப் பிறகு, சம்பளச் சீட்டு இல்லாமல் கிரெடிட் கார்டு தேடும் பெண்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்த்து வைத்த சிறுவாட்டுப் பணத்தை வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போடுங்கள். அதைப் பிணையமாக வைத்து உங்கள் பெயரிலேயே கார்டு வாங்குங்கள். கணவர் கார்டின் துணை அட்டையோடு (ஆட்-ஆன் கார்டு) நின்றுவிடாதீர்கள். 2022 முதல் நான் பயன்படுத்துவது இப்படிப்பட்ட கார்டுதான்.

சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பிள்ளைகள் பிறந்தார்கள், பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார், காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டுக்கே வந்துவிட்டோம். அத்தனை ஆண்டுகளும் வீட்டுக் கணக்கு முழுவதும் என் கையில்தான் இருந்தது. கல்யாணச் செலவு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கான பங்கு, ஆள் கூலி, ஓடு மாற்றிய செலவு என்று ஒரு ரூபாய்கூட ஏட்டில் ஏறாமல் போனதில்லை. அந்த உழைப்பு எதுவும் வங்கியின் கண்ணில் படாது என்பது, வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. கணக்கு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டவும் மடிக்கணினி வாங்கவும் கார்டு தேவைப்பட்டது. ஒரு தனியார் வங்கியில் விண்ணப்பித்தேன். நிராகரிக்கப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது, காரணம் இல்லை.

கிளைக்குப் போய்க் கேட்டேன். "ஆச்சி, சார் கார்டிலேயே உங்களுக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு போட்டுத் தருகிறோம். எதற்கு இந்த அலைச்சல்?" என்றார் அதிகாரி. அன்பாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. கிரெடிட் கார்டு விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. எழுதிக் கொடுத்துக் கேட்டேன், பதில் வந்தது: அண்மைக்காலக் கடன் வரலாறு இல்லை, வருமானச் சான்று இல்லை.

நாம் கடனை எப்படிக் கையாள்கிறோம் என்று வங்கிகளுக்குக் காட்டும் சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். சில ஆண்டுகளாகக் கடன் நடவடிக்கையே இல்லாதவர்களுக்கு அந்த எண் வராது. சென்னையில் நான் வைத்திருந்த பழைய கார்டை எப்போதோ முடித்துவிட்டதால் என் நிலையும் அதுதான். கையில் துணை அட்டை மட்டுமே வைத்திருப்பவர்களுக்கும் மதிப்பெண் வராமல் போகலாம் என்று சிபிலே சொல்கிறது. அந்த அதிகாரி காட்டிய வழியில் போயிருந்தால் எத்தனை ஆண்டு செலவழித்தாலும் என் பெயரில் மதிப்பெண் வராமலே போயிருக்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அதை வாங்கிப் பாருங்கள்.

பிறகு ஒரு பொதுத்துறை வங்கியில் ஒரு லட்சம் ரூபாய் டெபாசிட் போட்டேன். பான், ஆதார், டெபாசிட் ரசீது போதுமானதாக இருந்தது. வருமானத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கார்டின் வரம்பு டெபாசிட்டில் 80 சதவீதம். டெபாசிட்டுக்கு உரிய வட்டி வழக்கம்போல் ஏறிக்கொண்டிருக்கிறது. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னையிலும் ரங்கூனிலும் காரைக்குடியிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் பேரேடு எழுதத் தெரிந்த பெண்ணுக்குத் தன் பெயரில் கடன் கணக்கு இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பயன்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது பில் தேதிக்கும் கெடு தேதிக்கும் இடையிலான அவகாசம். பில் போட்ட மறுநாள் வாங்கும் பொருளுக்கு ஏறக்குறைய 50 நாள் வட்டி இல்லை. கடைக்காரர்கள் எனக்குக் கணக்கு எழுதும் கூலியைத் தாமதமாகத்தான் தருவார்கள், அந்த இடைவெளியை இது அடைத்துவிடுகிறது. ரூபே கார்டு என்பதால் யூபிஐயிலும் இணைத்திருக்கிறேன். கடைகளின் கியூஆர் குறியீட்டுக்குப் பணம் போகும், தனி ஆட்களுக்கு அனுப்ப முடியாது.

பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வட்டி வரும். மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. 20,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 700, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா அவகாசம் கிடையாது. முழுத் தொகையும் கெடுவுக்கு முன் தானாகவே கணக்கிலிருந்து போகும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஏடிஎம்மில் இந்தக் கார்டைச் செருகவே செருகாதீர்கள், ரொக்கம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

குறைகளும் உண்டு. ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டு வளவில் ஓடு ஒழுகியபோது அந்த ஒரு லட்சத்தைத் தொட முடியவில்லை, கார்டை முடித்தால்தான் பணம் விடுபடும். வரம்பும் சிறியது. வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவை நிறுத்துவது மதிப்பெண்ணுக்கு நல்லது என்பார்கள். மடிக்கணினி வாங்கிய மாதம் அது முடியவில்லை.

ஆறேழு மாதங்களில் மதிப்பெண் வந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவந்தேன், அதுவே எனக்கு வருமானச் சான்றாக நின்றது. சென்ற ஆண்டு பிணையம் இல்லாத கார்டு ஒன்றும் கிடைத்தது. பழையதை முடிக்கக் கேட்டால், பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் வங்கி முடித்துத் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். ஆனால் கணக்கின் வயதும் மதிப்பெண்ணில் சேர்கிறது என்பதால் டெபாசிட் முதிரும்போது அதைப் புதுப்பித்து, அந்தக் கார்டில் மாதாமாதம் மின்கட்டணம் மட்டும் கட்டிவரப் போகிறேன்.