எஞ்சின் தட்டலுக்கு ஸ்கேனரா, ஸ்டெதஸ்கோப்பா?

முதலில் நான் வாங்கியது, வண்டியின் கணினியில் பதிவாகும் பிழைக்குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர். ஸ்டெதஸ்கோப் பிறகுதான் வந்தது. வரிசையை மாற்றியிருந்தால் இரண்டு வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

காரை ஸ்டார்ட் செய்தால் 'டக் டக்' என்று கனமான தட்டல். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகமெடுக்கும். காலை எடுத்தால் நிதானமாகும். பட்டறையில் காட்டினேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும்" என்றார்கள். பிஸ்டனை, கிராங்க் ஷாஃப்ட் என்னும் சுழலும் தண்டோடு இணைப்பதுதான் கனெக்டிங் ராட். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து ஸ்கேனரை வாங்கிச் சொருகினேன். பிழைக்குறியீடு ஒன்றுகூட இல்லை. அன்று மாலை முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன். மறுநாள் காலையிலும் தட்டல் அப்படியே இருந்தது.

ஸ்கேனரைக் குறை சொல்ல முடியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வண்டியின் கணினிக்குத் தெரிந்தது மட்டுமே. கணினிக்கு இந்த விஷயத்தில் இருக்கும் காது, எஞ்சின் பிளாக்கில் திருகப்பட்ட நாக் சென்சார். அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் ஒரு சிறு படிகம் அதற்குள் இருக்கிறது. சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும்போது எழும் அதிர்வுக்காக அது காத்திருக்கிறது. கேட்டதும் கணினி தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்துகிறது. அதனால் மேட்டில் ஏறும்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியதுபோல் கிணுகிணுப்புக் கேட்டால் ஸ்கேனருக்கு இணை எதுவும் இல்லை. ஓடும் வண்டியிலேயே தீப்பொறி எவ்வளவு பின்னுக்குப் போகிறது, கலவையில் பெட்ரோல் குறைகிறதா, எஞ்சின் சூடு ஏறுகிறதா என்று பார்க்கலாம். காரணம் குறைந்த ஆக்டேன் பெட்ரோலா, உள்ளே படிந்த கரியா என்பதை அதன்பிறகு யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பி 0325 என்ற குறியீட்டைக் கண்டதும் 'எஞ்சின் தட்டுகிறது' என்று பலர் படித்துவிடுகிறார்கள். அது சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்பதற்கான குறியீடு. காது கேட்கவில்லை என்கிறதே தவிர, சத்தம் கேட்கிறது என்று சொல்லவில்லை.

என் வண்டியில் இருந்தது இரும்பும் இரும்பும் மோதும் சத்தம். பேரிங் தேய்ந்ததற்கோ போல்ட் தளர்ந்ததற்கோ தனிக் குறியீடு கிடையாது. இங்கேதான் ஸ்டெதஸ்கோப் வருகிறது. மருத்துவர் வைத்திருப்பதைப் போன்றதுதான். மார்பில் வைக்கும் வட்டத்துக்குப் பதிலாக நீண்ட எஃகுக் கம்பி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோரம் அழுத்தி அதே வேலையைச் செய்பவர்களும் உண்டு. நான் முயன்றதில்லை, சுழலும் பெல்ட்டுக்கு அவ்வளவு அருகில் தலையைக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை.

இதில் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: இடம். ஆனால் எஞ்சினைப் பிரிக்கலாமா வேண்டாமா என்பதை அந்த ஒன்றுதான் தீர்மானிக்கிறது. மேலே வால்வு மூடியில் கம்பியை வைத்தால் சத்தம் ஓங்குகிறதா, கீழே ஆயில் தேங்கும் சம்ப் ஓரத்தில் ஓங்குகிறதா, பக்கத்தில் ஆல்டர்னேட்டரிலா, பெல்ட்டை இறுக்கும் புல்லியிலா? ஒவ்வொரு பதிலுக்கும் வேலை வேறு, செலவு வேறு. தாளத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு வால்வின் தட்டல் நொடிக்கு ஏழுக்கும் குறைவாகவே விழும். கிராங்க் பக்கத்துத் தட்டல் ஏறத்தாழ அதன் இரு மடங்கு. எண்ண முடியாது, ஆனாலும் பழகிய காதுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

நான் சம்ப்பில் வைத்தேன், மந்தமாகக் கேட்டது. பிளாக்கின் நடுவில் இன்னும் மந்தம். பின்னால் நகர்த்தி எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் வைத்ததும் காதில் சுத்தியலால் அடித்ததுபோல் இருந்தது. அடுத்து, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் சில நொடிகள் வேலை செய்யாமல் நிறுத்திப் பார்த்தேன். ராட் பேரிங் என்றால், அதற்குரிய சிலிண்டர் ஓய்ந்ததும் தட்டல் தணிய வேண்டும். நான்கிலும் மாற்றம் இல்லை. (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றினால் எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும், அதனால்தான் இன்ஜெக்டர்.) விலை கூடிய சில ஸ்கேனர்களில் இதைத் திரையிலிருந்தே செய்யலாம், என்னுடையதில் அந்த வசதி இல்லை.

ஆய்வு மூடியைத் திறந்து பார்த்தால், எஞ்சினின் விசையைத் தானியங்கி கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைப் பிடிக்கும் போல்ட்களில் ஒன்று தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தை ராட் தட்டல் என்று நம்பி எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டெதஸ்கோப்பும் ஏமாற்றும். இரும்பு சத்தத்தைக் கடத்தும். ஓரிடத்துத் தட்டல் வேறிடத்தில் உரக்கக் கேட்கலாம். நல்ல எஞ்சின் எப்படி ஒலிக்கும் என்று முன்பே கேட்டு வைத்திருக்காவிட்டால், பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினின் இன்ஜெக்டர்கள் இயல்பாகப் போடும் 'டிக் டிக்' கூடப் பயமுறுத்தும். டீசல் எஞ்சினில் ஒரே ஒருமுறை வைத்துக் கேட்டேன். எரிதலின் தட்டலையும் கோளாறின் தட்டலையும் என்னால் பிரிக்க முடியவில்லை. ஆகவே மேலே சொன்னதெல்லாம் பெட்ரோல் வண்டிக்கு.

காலைக் குளிரில் மட்டும் தட்டி, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டரின் சுவரில் மோதும் சத்தம். அதற்கு இரண்டு கருவியும் தேவையில்லை, பொறுமை போதும். சூடாகி ஆயில் இளகியபின் தட்டல் கூடினால்தான் பேரிங் மேல் என் சந்தேகம் போகும். ஆயில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கேட்பதற்காகக்கூட எஞ்சினை ஓட விடமாட்டேன். அணைத்துவிட்டு ஆயில் அளவுக்கோலை இழுத்துப் பார்ப்பேன்.

ஸ்கேனர் இப்போது கையுறைப் பெட்டியில் கிடக்கிறது. ஸ்டெதஸ்கோப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போய் ஒரு மாதமாகிறது.