நல்ல கருவி, ஒவ்வாத பசை: ரயில் சக்கர விளிம்பின் எஞ்சிய தகைப்பை மீயொலியால் அளந்த அனுபவம்

ரயில் சக்கர விளிம்பின் எஞ்சிய தகைப்பை, அதாவது சுமை இல்லாதபோதும் உலோகத்துக்குள் தங்கியிருக்கும் அழுத்தத்தை அல்லது இழுவையை, மீயொலியால் அளக்கும் கருவிகளில், தொடுகைத் துழாவியுடன் (சக்கரத்தில் நேரே வைத்து அலையை அனுப்பிப் பெறும் உறுப்புடன்) வரும் மாதிரியின் விலை குறைந்திருப்பதைக் கண்டு, பதுளையிலுள்ள நண்பர் ஒருவர் அதை வாங்கலாமா என்று கேட்டார். அதே மாதிரியை நானுஓயாவில் நெடுங்காலமாகப் பயன்படுத்திவருவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். புதிய சக்கரத்தின் விளிம்பு, தயாரிப்பின்போது நீர் பாய்ச்சிக் குளிர்விக்கப்படுவதால், நெருக்கல் தகைப்புடன் (உலோகத்தை உள்நோக்கி அழுத்தும் தகைப்புடன்) நம்மிடம் வருகிறது. அது இருக்கும்வரை சிறு வெடிப்புகள் எளிதில் வளர்வதில்லை. ஆனால் ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலவிலிருந்து 44க்கு 1 என்ற சரிவுகளில் இறங்குகையில் பிரேக் கட்டை நெடுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தால், சூடேறி விரிய முயலும் விளிம்பு, குளிர்ந்த நடுத்தட்டு இடம்கொடாததால் நசுங்கி, ஆறிய பின், வெடிப்பைத் திறக்கும் இழுவைத் தகைப்புக்கு மாறிவிடக்கூடும். இது கண்ணுக்குத் தெரியாது. விளிம்பை அறுத்து, வெட்டு மூடுகிறதா விரிகிறதா என்று பார்க்கலாம், சக்கரம் மிஞ்சாது. இந்தக் கருவியோ விளிம்பின் பக்கவாட்டிலிருந்து குறுக்கலைகளை (செல்லும் திசைக்குக் குறுக்காக அதிரும் அலைகளை) அனுப்பி, ஆரைத் திசையில் அதிரும் அலைக்கும் சுற்றுத் திசையில் அதிரும் அலைக்கும் உள்ள நேர வேறுபாட்டிலிருந்து தகைப்பைக் கணிக்கிறது. 100 மெகாபாஸ்கல் தகைப்புக்கூட அலைவேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மாற்றும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அத்தனை நுண்மையையும் கெடுப்பது பசை. சாதாரண நீர்மங்கள் குறுக்கலையைக் கடத்தாததால், மிகத் தடித்த பசையைத் தடவியே துழாவியை வைக்க வேண்டும். தை மாதக் காலைக் குளிரில் அது மெழுகாக இறுகிவிடுகிறது. மற்றத் திசை அலையை அளக்கத் துழாவியை 90 பாகை திருப்பும்போது பசைப் படலத்தின் தடிப்பு மாறினால், அந்த மாற்றமும் தகைப்பாகவே கணக்கில் ஏறிவிடும். எதிரொலி அசையாமல் நிற்கும்வரை விறைத்த கையால் அழுத்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டும்; அவசரப்பட்டால் ஒரே இடம் இருவேறு அளவுகளைத் தருகிறது. விற்றவர்களிடம் முறையிட்டபோது கையேட்டைப் படிக்கச் சொன்னார்கள். பசைக்கு உகந்த வெப்பநிலை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சக்கரத்தின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் கருவியை இப்படி விற்பது பொறுப்பற்ற செயல்.

உருக்கின் மணியமைப்பும் (அதனுள் நுண்படிகங்கள் அமைந்திருக்கும் விதமும்) அலைவேகத்தைப் பாதிக்கிறது என்பது உண்மை. அது எந்த மீயொலிக் கருவிக்கும் உரிய சிக்கல், இதன் குற்றமன்று.

ஆகவே, எவ்வளவு விலை குறைந்தாலும் இதை வாங்க வேண்டாம். காந்தப்புலத்தால் சக்கரத்துக்குள்ளேயே அலையை எழுப்புவதால் பசை தேவைப்படாத மின்காந்தத் துழாவியைத் தேடுங்கள். அதன் சமிக்ஞை வலுக்குறைந்தது, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தூளை அடிக்கடி துடைக்கவும் வேண்டும்; அது பரவாயில்லை. பதுளை இவ்வளவு குளிரான இடமில்லை என்கிறார் நண்பர். பழுதுள்ள பெட்டி மேலே நின்றுவிட்டால் அவரும் கருவியைத் தூக்கிக்கொண்டு பட்டிப்பொலவுக்குத்தான் வரவேண்டும்.