பென்சில் கணக்கோடு திரும்பி வந்த தாள்கள்: கணினி வரைவில் 12 ஆண்டுகள்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் தடித்த கோப்பு ஒன்று கிடக்கிறது. பட்டறைக்குப் போய், வேலை முடிந்து, எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்த வரைபடத் தாள்கள் அதில் இருக்கின்றன. 12 ஆண்டுகளாகச் சேர்ந்தவை. ஆரம்பத்தில் அவற்றைத் தூக்கி எறியாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஒருநாள் மொத்தமாக எடுத்துப் புரட்டியபோதுதான் கவனித்தேன்: எந்தத் தாள்களின் ஓரத்தில் பென்சிலால் கூட்டலும் கழித்தலும் போட்டிருந்தனவோ, பெரும்பாலும் அந்த வேலைகளில்தான் தகராறும் வந்திருந்தது. இயந்திரத்தின் முன் நிற்பவர் பென்சிலைக் கையில் எடுக்கிறார் என்றால், நான் கொடுத்திருக்க வேண்டிய ஏதோ ஓர் அளவைக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன்.

எனவே எந்த மென்பொருளில் எத்தனை வசதிகள் என்ற பட்டியலை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். முதல் ஐந்து ஆண்டுகள் இருபரிமாண வரைவில் கழிந்தன. பிறகு முப்பரிமாண மாதிரியை உருவாக்கி அதிலிருந்து வரைபடம் எடுக்கும் முறைக்கு மாறினேன். இப்போது இரண்டும் கலந்து ஓடுகின்றன. வரைவது பெரும்பாலும் ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தவும் கருவிக்கு வழிகாட்டவும் உதவும் சாதனங்கள்), தாங்கிகள், தகட்டு உறைகள். ஒன்றோ இரண்டோ, மிஞ்சினால் முப்பதோ செய்யப்படும் சாமான்கள்.

கோப்பில் அடியில் இருக்கும் தாள் 180 × 90 மி.மீ. தகடு ஒன்றுக்கானது. நான்கு துளைகள். நடுக்கோட்டின் இருபுறமும் 75, 75 என்று அளவு போட்டிருந்தேன். திரையில் பார்க்க அத்தனை அழகு. தாளின் ஓரத்தில் பென்சிலால் 15, 165 என்று எழுதி வந்திருக்கிறது. மில்லிங் இயந்திரத்தில் வேலை செய்தவர் தகட்டின் ஓரத்தைத் தொட்டுப் பூஜ்ஜியம் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு துளைக்கும் தூரத்தைக் கணக்கிட்டிருக்கிறார். "தம்பி, நடுக்கோட்டை நான் எங்கே போய்த் தொடுவது?" என்று கேட்டார். பொருத்தும்போதும் அந்தத் தகடு ஓர் ஓரத்தில் முட்டித்தான் உட்காரப் போகிறது. ஆக, செய்பவருக்கும் ஓரம்தான் ஆதாரம், பொருத்துபவருக்கும் ஓரம்தான் ஆதாரம். நடுக்கோடு எனக்கு மட்டுமே தேவைப்பட்டது, அதுவும் வரைவதற்கு. துளைகள் உண்மையிலேயே மையத்தைச் சார்ந்து வேலை செய்யும் சாமான்களும் உண்டு. அங்கே நடுக்கோட்டிலிருந்து அளவு போடுவதே சரி. எது எந்த வகை என்று நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் சங்கதி. எந்தப் புள்ளியைச் சொடுக்கினாலும் மென்பொருள் மறுபேச்சின்றி அளவைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. இவ்வளவு பணிவான உதவியாளரை நான் வேறெங்கும் கண்டதில்லை, இவ்வளவு ஆபத்தானவரையும்.

அடுத்த பாடம் தொடர் அளவுகள். 40 மி.மீ. இடைவெளியில் ஆறு துளைகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 40, 40 என்று சங்கிலியாகப் போட ஒரே கட்டளை போதும். தாளின் மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தில் வழக்கம்போல ஐஎஸ்ஓ 2768 (தனியாகக் குறிக்காத அளவுகளுக்கான பொது அனுமதித் தரநிலை), நடுத்தர வகுப்பு என்று எழுதியிருந்தேன். அந்த வகுப்பில் 30க்கு மேல் 120 வரையிலான நீள அளவுக்கு அனுமதி, அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்ற எல்லை, ±0.3 மி.மீ. ஐந்து இடைவெளிகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் கடைசித் துளை 1.5 மி.மீ. தள்ளிப் போகலாம்; வரைபடத்தின்படி அது சரியான சாமான்தான். அதையே முதல் துளையிலிருந்து 40, 80, 120, 160, 200 என்று போட்டிருந்தால், 200க்கு அனுமதி ±0.5 மட்டுமே. ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் இந்த இரண்டு வகைக்கும் தனித்தனிக் கட்டளைகள் அருகருகே இருக்கின்றன. எது கைக்கு முதலில் அகப்பட்டதோ அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தசமப் புள்ளிகளும் அப்படியே. அளவுப் பாணியைச் சரிசெய்யாமல் விட்டால் 25 என்பது 25.0000 என்று வந்து நிற்கும். ஐஎஸ்ஓ முறையில் பூஜ்ஜியங்களின் எண்ணிக்கைக்கும் அனுமதிக்கும் தொடர்பில்லை. ஆனால் அங்குல முறையில் தயாராகும் பல வரைபடங்களில், தசம இடங்கள் எத்தனை என்பதைக் கொண்டே தலைப்புக் கட்டம் அனுமதியை நிர்ணயிக்கிறது. அதில் பழகியவர் கையில் என் தாள் கிடைத்தால், இவ்வளவு துல்லியத்துக்கு அரைத்துத்தான் முடிக்க வேண்டும் என்று நினைப்பார், அதற்கேற்ப விலையும் சொல்வார். வெறும் துளைத் தகட்டுக்கு எதற்கு இத்தனை விலை என்று நான் ஒருமுறை சண்டைக்கே போயிருக்கிறேன்.

இனி, நான் செய்ததிலேயே மோசமான காரியம். ஒரு தகட்டின் அகலத்தை 62லிருந்து 65 ஆக்கச் சொன்னார்கள். மாலை நேரம், அவசரம். வடிவத்தை மாற்றினால் பக்கத்துத் துளைகளையும் நகர்த்த வேண்டும். அளவு எண்ணின் மேல் இருமுறை சொடுக்கி, 62ஐ அழித்து 65 என்று தட்டச்சு செய்தேன். தாளில் 65, உள்ளே இருந்த கோடு 62. காகிதத்தைப் பார்த்துக் கையால் வெட்டும் காலமாக இருந்தால் தப்பித்திருக்கலாம். லேசர் வெட்டுக்குப் போனது டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பு, லேசருக்கோ எண்ணைப் படிக்கத் தெரியாது. அது கோட்டின் மேல் போகும். 24 தகடுகள், அத்தனையும் 62. அன்றிலிருந்து அளவின் மேல் எழுதும் பழக்கத்தை அடியோடு விட்டேன். பிறர் கொடுக்கும் கோப்புகளைத் திறந்ததும் நான் முதலில் தேடுவதும் இப்படிக் கையால் மாற்றப்பட்ட அளவுகளைத்தான். நம்ப மாட்டீர்கள், அடிக்கடி கிடைக்கின்றன.

லேசருக்குக் கோப்பு அனுப்புவது தனிக் கலை. வெட்டுக் கோடுகளைத் தவிர வேறொன்றும் அதில் இருக்கக் கூடாது: அளவு, சட்டகம், தலைப்புக் கட்டம், நடுக்கோடு எதுவும் வேண்டாம். மடிப்புக் கோடு தேவையென்றால் தனி லேயரில் (அடுக்கில்), அது மடிப்பு என்று சொல்லி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் மடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு துண்டாக வந்து சேரும். ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் லேசர் அதே பாதையில் இருமுறை போகும். ஆட்டோகேடில் இவற்றை நீக்க ஓவர்கில் என்ற கட்டளை உண்டு; கோப்பை அனுப்புமுன் அதை ஓட்டாமல் விடுவதில்லை. மூலையில் 0.01 மி.மீ. இடைவெளி இருந்தால் அந்த வடிவம் மூடியதாகக் கணக்கில் வராது. அலகு விஷயமும் இருக்கிறது: பழைய வகை டிஎக்ஸ்எஃப் கோப்புகள் அங்குலமா மில்லிமீட்டரா என்று சொல்வதில்லை. 25.4 மடங்கு பிழை என்பதால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், அந்த மட்டில் நிம்மதி. லேசர் தின்னும் அகலத்துக்கு நாமே கோட்டைத் தள்ளி வரைவது வேண்டாத வேலை. வெட்டுபவர் தன் இயந்திரத்துக்கேற்ப அதைச் செய்துகொள்வார். இருவரும் செய்தால் துளை சிறுத்துப் போகும்.

தகட்டை மடிக்கும்போது அது எவ்வளவு நீள்கிறது என்பதை முப்பரிமாண மென்பொருள் கே காரணி என்ற ஓர் எண்ணைக் கொண்டு கணக்கிடுகிறது. 2 மி.மீ. தகடு, உள்வளைவு ஆரம் 2, 90 பாகை மடிப்பு என்று வையுங்கள். கே 0.33 என்றால் வளைவில் செலவாகும் நீளம் சுமார் 4.18 மி.மீ.; 0.5 என்றால் சுமார் 4.71. ஒரு மடிப்பில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம், நான்கு மடிப்புள்ள உறையில் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். மென்பொருளில் ஏற்கெனவே இருந்த எண்ணை நம்பி ஓராண்டு ஓட்டினேன். சரியான எண் மடிக்கும் இயந்திரத்தின் அச்சிலும் (டை) தகட்டின் வகையிலும் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு சிறு துண்டை அங்கேயே மடிக்கச் சொல்லி, அளந்து, அந்த எண்ணைத்தான் போடுகிறேன்.

முப்பரிமாணத்துக்கு மாறியதால் என்ன கிடைத்தது? மாதிரியில் அகலத்தை மாற்றினால் எல்லாக் காட்சிகளும் தாமாக மாறின. 62, 65 கூத்து முடிந்தது. ஆனால் புதுக் கூத்து ஒன்று தொடங்கியது. வரைபடத்துக்குள் அளவுகளைத் தானாகக் கொண்டுவரும் பொத்தான் எனக்கு அமிர்தமாக இருந்தது. வந்த அளவுகளோ நான் மாதிரியை உருவாக்கிய வழியைச் சொன்னவை. செய்பவரின் வழி வேறு. பென்சில் எண்கள் மறுபடி தாளில் முளைத்தன. இப்போது அந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை, ஒவ்வோர் அளவையும் கையால்தான் போடுகிறேன்.

கோப்பில் ஒரே ஒரு தாள் மட்டும் பளிச்சென்று இருக்கும். கறை இல்லை, கீறல் இல்லை. துளைக்குள் வழுக்கி ஓட வேண்டிய 20 மி.மீ. தண்டு அது. துளைக்கு எச்7, அதாவது 20.000 முதல் 20.021 வரை, தண்டுக்கு ஜி6, 19.980 முதல் 19.993 வரை; பொருத்தத்துக்கான ஐஎஸ்ஓ அனுமதிக் குறிகள் இவை. வரைபடத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தேன். கூடவே உதவியாக இருக்கட்டும் என்று மாதிரியை ஸ்டெப் (பெரும்பாலான முப்பரிமாண மென்பொருள்கள் திறக்கும் வகை) கோப்பாகவும் அனுப்பினேன். மாதிரியில் தண்டின் விட்டம் 20.000. கணினி நிரலால் ஓடும் சிஎன்சி இயந்திரத்துக்கு நிரல் எழுதியவர் மாதிரியிலிருந்து பாதையை எடுத்துக்கொண்டார், அதன்படியே 20.000ஐ ஒட்டிக் கடைந்தார்கள். சில தண்டுகள் துளைக்குள் போயின, சில போகவில்லை. தாளை யாரும் பிரித்துப் பார்க்கவே இல்லை, அதனால்தான் அது அத்தனை சுத்தம். இயந்திரம் மாதிரியை வைத்து ஓடும் இடங்களுக்கு அனுப்பும்போது, ஒன்றோடொன்று பொருந்தும் பரப்புகளை மட்டும் அனுமதியின் நடுவில் வைத்து மாதிரியை உருவாக்குகிறேன். இந்தத் தண்டு என்றால் 19.9865. வரைபடத்தில் அந்த எண் அப்படியே தலைகாட்டாமல் 20 ஜி6 என்று வரும்படி பார்த்துக்கொள்வது கூடுதல் தொல்லைதான். மாதிரியும் தாளும் முரண்பட்டால் தாளே இறுதி என்று தலைப்புக் கட்டத்தில் ஒரு வரியும் சேர்த்தேன்.

மென்பொருள் அனுமதிக்கும், உலோகம் அனுமதிக்காது என்ற வகையில் இன்னும் சில. பள்ளத்தின் உள்மூலையைக் கூர்மையாக வரையலாம். சுழலும் எண்டு மில் என்ற வெட்டுக் கருவியால் அதை வெட்ட முடியாது. ஆரம் கொடுக்க வேண்டும், அதுவும் கருவியின் ஆரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக. அடி மூடிய துளையில் 8 மி.மீ. திருகுக்கான எம்8 மரைக்கு 16 ஆழம், 6.8 டிரில்லுக்கும் 16 ஆழம் என்று எழுதியிருந்தேன். மரை வெட்டும் டேப்பின் முனை அடியில் முட்டி உடைந்தது, உடைந்த துண்டை எடுக்க அரைநாள் போயிற்று. இப்போது டிரில் ஆழம் 22. மரையை மாதிரியில் சுருள் சுருளாகச் செதுக்குவதும் வீண்; கோப்புதான் வீங்கும், குறியீடு போதும்.

எழுத்துருவால் வரும் தொல்லை சிறிதாகத் தோன்றும். என் கணினியில் இருந்த எழுத்துரு எதிர்ப்பக்கத்தில் இல்லாததால் விட்டக் குறி மறைந்து கேள்விக்குறி நின்றது. அதனால் ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்போடு பிடிஎஃப் இல்லாமல் எதையும் அனுப்புவதில்லை. பக்கக் காட்சிகளைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் முதல் கோணம், மூன்றாம் கோணம் என இரண்டு முறைகள் உண்டு. வார்ப்புருவில் இருந்த மூன்றாம் கோண வீழலைக் கவனிக்காமல் முதல் கோணத்தில் பழகியவருக்கு அனுப்பி, இடது வலது மாறிய தாங்கி ஒன்றும் என் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது காகிதம் அழுந்தாமல் இருக்க அதைத்தான் வைக்கிறேன்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: தட்டையான சாமான்கள் மட்டுமே என்றால் இருபரிமாணம் போதும், இலவச மென்பொருளான லிப்ரேகேட் கூடப் போதும். ஒன்றோடொன்று பொருந்தும் பாகங்கள் என்றால் முப்பரிமாணத்துக்கு மாறிவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடில், மாதிரியைத் திருத்தும்போது முகங்களின் உள்பெயர் மாறிப் பின்தொடரும் பகுதிகள் சிதைவது வெகுகாலம் பேசப்பட்ட குறை. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அதைப் பெருமளவு மட்டுப்படுத்தினார்கள். அதில் வரைபடம் எடுக்கும் டெக்டிரா பகுதியில் எடுத்த தாள்களைப் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறேன். செய்பவர் எந்த மென்பொருளில் வரைந்தது என்று ஒருபோதும் கேட்டதில்லை.

சென்ற மாதம் திரும்பி வந்த தாளில் ஒரே ஒரு பென்சில் வட்டம். 1 × 45° என்ற விளிம்புச் சரிவைச் சுற்றி வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நான்கு விளிம்புகளில் எதற்கு என்று நான் எழுதவில்லை. அவர் நான்கிலும் போட்டுவிட்டார், நல்லவேளையாக அதுவே எனக்கும் வேண்டியிருந்தது. வரைபடத்தின் திருத்தப் பதிப்பான ரிவிஷன் சி-யில் 'நான்கு இடங்கள்' என்று சேர்த்துவிட்டு, தாளைக் கோப்பில் போட்டேன்.